டிவிஆர் வெப் பக்கத்தில் லாகின் ஆகிறது, படம் மட்டும் வரவில்லை (விண்டோஸ் 11, குரோம் / எட்ஜ் / ஃபயர்பாக்ஸ்)

நூல்மில்_கணினி

8 சேனல் ஹைப்ரிட் டிவிஆர் (சிசிடிவி கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), 2016 ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்). அதற்குப் பின் அப்டேட் எதுவும் வெளிவரவில்லை. ஆபீஸ் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றியதிலிருந்து வெப் பக்கம் பாதிதான் வேலை செய்கிறது. 192.168.1.108 அடித்தால் லாகின் பக்கம் வருகிறது, பாஸ்வேர்ட் ஏற்கிறது, மெனுக்கள் திறக்கின்றன. லைவ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெட்டி, நடுவில் "ப்ளக்இன் இன்ஸ்டால் செய்யவும்" என்று ஒரு லிங்க். அதை இன்ஸ்டால் செய்த பிறகும் அதே லிங்க்தான். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் ஒரே கதை. மொபைல் ஆப்பில் படம் சரியாக வருகிறது.

லைவ் பார்ப்பது முக்கியமில்லை. மோஷன் ஏரியா வரைவதும், பழைய ரெக்கார்டிங்கைக் கணினியில் எடுப்பதும்தான் தேவை. கடைக்காரர் "டிவிஆரை மாத்திடுங்க" என்கிறார். மாற்றியே ஆக வேண்டுமா?

---

தாமிரக்கம்பி

வேண்டாம். டிவிஆரிலும் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை.

அந்தக் காலத்து டிவிஆர்கள் படத்தை பிரவுசருக்குப் புரியும் வடிவில் அனுப்புவதில்லை. பக்கத்தின் எழுத்தும் மெனுவும் 80ஆம் போர்ட்டில் சாதாரண வெப் பக்கமாக வரும். வீடியோ மட்டும் தனி போர்ட்டில் (டாஹுவா வகைகளில் 37777, ஹைக்விஷனில் 8000, பிராண்ட் பெயரில்லாத சீன போர்டுகளில் பெரும்பாலும் 34567) கம்பெனியின் சொந்த நெறிமுறையில் வரும். அதை வாங்கிப் பிரித்துத் திரையில் காட்டுவது, பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருளான ப்ளக்இனின் வேலை. ப்ளக்இனை பிரவுசர் கூப்பிடும் வழி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் (ஐஇ) ஆக்டிவ்எக்ஸ், குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் என்பிஏபிஐ.

இந்த இரண்டு கதவுகளும் மூடப்பட்டுவிட்டன. குரோம் 2015 ஏப்ரலில் 42ஆம் பதிப்பில் என்பிஏபிஐயை அணைத்துவைத்தது, செப்டம்பரில் 45ஆம் பதிப்போடு முழுதாக எடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்பில் ஃப்ளாஷ் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தியது. ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு போனது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆதரவு 2022 ஜூன் 15ல் முடிந்தது. 2023 பிப்ரவரி 14ல் எட்ஜ் அப்டேட் வழியாகப் பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் அதைத் திறக்கவே முடியாமல் செய்தார்கள். விண்டோஸ் 11ல் அது தனி பிரவுசராக இருந்ததே இல்லை.

ஆகவே உங்கள் ப்ளக்இன் ஒழுங்காகத்தான் இன்ஸ்டால் ஆகியிருக்கும். அதைக் கூப்பிடும் வழிதான் பிரவுசரில் இல்லை. மொபைல் ஆப் ஓடுவதற்கும் காரணம் இதுவே, அது பிரவுசர் பக்கமே போகாமல் நேராக டிவிஆரோடு பேசுகிறது.

மிச்சமிருக்கும் நல்ல வழி எட்ஜின் ஐஇ மோட். உள்ளே பழைய எஞ்சின் அப்படியே இருக்கிறது, ஆக்டிவ்எக்ஸ் ஓடும். குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

செய்முறை:

1. எட்ஜ் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதி. "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் ரீலோட் செய்ய அனுமதி" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அலோ என்று மாற்றி, எட்ஜை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

2. அதற்குக் கீழே உள்ள பேஜஸ் பட்டியலில் டிவிஆர் முகவரியை எச்டிடிபியோடு முழுதாகச் சேருங்கள். பட்டியல் பக்க வாரியாகத்தான் பொருந்தும். லாகின் முடிந்ததும் முகவரி மாறினால் அந்தப் பக்கத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

3. கன்ட்ரோல் பேனல், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, டிரஸ்டட் சைட்ஸ். "எச்டிடிபிஎஸ் சரிபார்ப்பு தேவை" என்ற டிக்கை எடுத்தால்தான் சாதாரண எச்டிடிபி முகவரியைச் சேர்க்க விடும். இந்த மண்டலத்தில் ப்ரொடெக்டட் மோட் அணைந்திருக்க வேண்டும்.

4. அதே இடத்தில் கஸ்டம் லெவல். கையொப்பமில்லாத ஆக்டிவ்எக்ஸ் டவுன்லோட், பாதுகாப்பானது எனக் குறிக்கப்படாத ஆக்டிவ்எக்ஸை இயக்குதல் இரண்டையும் ப்ராம்ப்ட் என்று வையுங்கள். எனேபிள் வேண்டாம். இன்டர்நெட் மண்டலத்தில் இதைச் செய்யவே கூடாது. டிரஸ்டட் சைட்ஸில் மட்டும், அதிலும் டிவிஆர் முகவரி ஒன்று மட்டும்.

5. டிவிஆர் பக்கத்தைத் திறங்கள். முகவரிப் பட்டைக்கு இடப்பக்கம் பழைய ஐஇ சின்னம் வந்தால் மோட் மாறிவிட்டது. ப்ளக்இனை டிவிஆர் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். கூகுளில் தேடி வேறு தளத்தில் எடுக்காதீர்கள். ஃபர்ம்வேரும் ப்ளக்இன் பதிப்பும் பொருந்தாவிட்டால் லாகினே சுற்றும், அது போக அந்தத் தளங்களில் வேறு என்ன சேர்ந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

---

நூல்மில்_கணினி

ஐஇ சின்னம் வந்துவிட்டது. ஆனால் இன்ஸ்டால் லிங்க் இன்னும் போகவில்லை. இன்ஸ்டாலர் பிழை எதுவும் காட்டாமல் முடிகிறது.

---

மதகு

இந்தச் சுற்றலுக்கு நான்கைந்து காரணங்கள்தான். அடிக்கடி வருவதிலிருந்து தொடங்குங்கள்.

இன்ஸ்டால் ஓடும்போது எட்ஜ் திறந்தே இருந்தால் பழைய ஃபைல் பிடியில் மாட்டி, புதியது பதிவாகாது. ஜன்னலை மூடினால் போதாது, ஸ்டார்ட்அப் பூஸ்ட் எட்ஜைப் பின்னணியில் ஓட வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் எட்ஜையும் ஐஎக்ஸ்ப்ளோர் என்று தெரிவதையும் முடித்துவிட்டு, இன்ஸ்டாலரை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்.

அடுத்து 32 பிட் விவகாரம். பழைய ப்ளக்இன் எல்லாம் 32 பிட். இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில் "என்ஹான்ஸ்டு ப்ரொடெக்டட் மோடுக்கு 64 பிட் ப்ராசஸ்" என்று ஒரு டிக் இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால் 32 பிட் ஆக்டிவ்எக்ஸ் ஏறவே ஏறாது, பிழைச் செய்தியும் வராது. அணைத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பிறகு காம்பாட்டிபிலிட்டி வியூ. முகவரிப் பட்டையிலுள்ள ஐஇ சின்னத்தை அழுத்தினால் இரண்டு சுவிட்ச் தெரியும், ஒன்று அடுத்த முறையும் ஐஇ மோடில் திறக்க, மற்றது காம்பாட்டிபிலிட்டி வியூ. 2014க்கு முந்தைய பக்கங்கள் பிரவுசர் பெயரைப் பார்த்துத்தான் ஆக்டிவ்எக்ஸா வேறா என்று முடிவு செய்தன. ஐஇ 11 தன் பெயரை மாற்றிச் சொல்வதால் அந்த ஸ்கிரிப்ட் ஏமாந்துவிடும். வியூவை ஆன் செய்தால் ஐஇ 7 போல நடந்துகொள்ளும்.

புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 என்றால் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோலையும் பாருங்கள். கையொப்பமில்லாத பழைய ஃபைல்களை அது அமைதியாகத் தடுக்கும். இதற்காக அதை அணைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அணைத்ததைத் திரும்ப ஆன் செய்வது எளிதில்லாமல் போகலாம். அப்படித் தடுத்தால் விர்ச்சுவல் மெஷினுக்கு (கணினிக்குள்ளேயே ஓடும் தனிக் கணினி) போய்விடுங்கள்.

---

நூல்மில்_கணினி

64 பிட் டிக்தான். எடுத்ததும் கீழே மஞ்சள் பட்டையில் அனுமதி கேட்டது, அலோ கொடுத்தேன், எட்டுச் சேனலும் வந்துவிட்டன. மோஷன் ஏரியாவும் வரைய முடிகிறது. நன்றி இருவருக்கும்.

---

சந்துமுனை

இவ்வளவு சுற்று எதற்கு? ஃபயர்பாக்ஸ் 52 ஈஎஸ்ஆர் (என்பிஏபிஐயை நிறுத்தாத நீண்டகால ஆதரவுப் பதிப்பு) 32 பிட், போர்ட்டபிள். பென்டிரைவில் வைத்துக்கொண்டால் எந்த சைட்டிலும் என்பிஏபிஐ ப்ளக்இன் அப்படியே ஓடும். சிசிடிவி போடுகிற பாதிப் பேர் பையில் இதுதான் இருக்கும்.

---

தாமிரக்கம்பி

ஓடும், மறுக்கவில்லை. அந்தப் பதிப்புக்கு 2018 செப்டம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. டிவிஆருக்கு மட்டும் என்று நீங்கள் வைத்திருப்பீர்கள். ஆபீஸில் அடுத்து உட்காருபவர் அதிலேயே மெயிலும் பேங்கும் திறப்பார். கட்டாயம் வேண்டுமென்றால் விர்ச்சுவல் மெஷினில் போடுங்கள், நெட்வொர்க் பிரிட்ஜ்டு (டிவிஆர் இருக்கும் அதே நெட்வொர்க்கில் நேராக), டீஃபால்ட் கேட்வே (வெளி இணையத்துக்கான வழி) காலி. கேட்வே இல்லையென்றால் உள்ளூர் டிவிஆர் தெரியும், வெளி இணையம் தெரியாது. மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான், எட்ஜின் ஐஇ மோட் விண்டோஸில் மட்டுமே உண்டு.

---

சந்துமுனை

கேட்வே காலி யோசனை நல்லா இருக்கு. எடுத்துக்கொள்கிறேன்.

---

ஆறாம்_சேனல்

பழைய டிவிஆரை விடுங்கள், புதுசுகளிலும் பிரச்சினை தீரவில்லை. ப்ளக்இன் தேவையில்லாத ஐபி கேமராக்களில் சப் ஸ்ட்ரீம் (சிறிய, லேசான படம்) வருகிறது, மெயின் ஸ்ட்ரீமுக்கு (முழுத் தரப் படம்) மாற்றினால் கறுப்பு அல்லது விக்கி விக்கி ஓடுகிறது என்ற புகார் ஏராளம். ஏன்?

---

மதகு

பெரும்பாலும் எச்.265 (எச்இவிசி) கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை. எச்.264ஐ எல்லா பிரவுசரும் விரிக்கும். எச்.265க்கு குரோம் 2022 அக்டோபரில், 107ஆம் பதிப்பில்தான் வழி திறந்தது, அதுவும் கணினியின் கிராஃபிக்ஸ் சிப் விரித்துக் கொடுத்தால். ஃபயர்பாக்ஸ் விண்டோஸில் 134ஆம் பதிப்பில் வந்து சேர்ந்தது. எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எச்இவிசி எக்ஸ்டென்ஷன் தேவைப்படும். சில கேமராப் பக்கங்கள் இதையெல்லாம் நம்பாமல் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே விரிக்கின்றன, அப்போது பாரமெல்லாம் சிபியு தலையில். 4கே மெயின் ஸ்ட்ரீம் விக்குவது அதனால்தான்.

தீர்வு சுலபம். மெயின் ஸ்ட்ரீம் எச்.265 ஆகவே இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க் மிச்சமாகும். சப் ஸ்ட்ரீமை எச்.264க்கு மாற்றி, 640×480 அல்லது 704×576, 12 முதல் 15 ஃப்ரேம், 512 கேபிபிஎஸ் என்று வையுங்கள். பிரவுசருக்கு அது போதும்.

கூடவே ஐ ஃப்ரேம் இடைவெளியைப் பாருங்கள். பிரவுசர் ஒரு முழு ஃப்ரேம் வரும்வரை படத்தைத் தொடங்க முடியாது. 25 ஃப்ரேமில் இடைவெளி 50 என்றால் அதிகபட்சம் 2 வினாடிக் காத்திருப்பு. எச்.264+, ஸ்மார்ட் கோடெக் மாதிரி ஏற்பாடுகள் அசைவில்லாத நேரத்தில் இந்த இடைவெளியைப் பல மடங்கு நீட்டும். பத்து வினாடி கறுப்பாக இருந்துவிட்டுப் பிறகு படம் வந்தால் கேபிளை மாற்ற ஓடாதீர்கள், ஸ்மார்ட் கோடெக்கை அணையுங்கள்.

---

தாமிரக்கம்பி

மதகு சொன்னதோடு போர்ட்டையும் சேர்க்க வேண்டும். ப்ளக்இன் இல்லாத பக்கங்கள் வீடியோவை வெப்சாக்கெட் (பிரவுசர் திறந்தே வைத்திருக்கும் இருவழி இணைப்பு) வழியாக எடுக்கின்றன. ஹைக்விஷனில் அது 7681, பாதுகாப்பான வடிவுக்கு 7682. ஆபீஸில் இரண்டு விலான் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்த தனிப் பகுதிகள்) போட்டு நடுவில் ஃபயர்வாலில் 80ஐ மட்டும் திறந்து வைத்தால் லாகின் ஆகும், மெனு வரும், படம் மட்டும் வராது. ப்ளக்இன் பிரச்சினை போலவே தோற்றம்.

பக்கத்தை எச்டிடிபிஎஸ்ஸில் திறந்துவிட்டு, உள்ளே வெப்சாக்கெட் சாதாரணமாக ஓடினாலும் பிரவுசர் தடுக்கும். எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள், "மிக்ஸ்டு கன்டென்ட்" என்று சிவப்பில் இருக்கும்.

ப்ளக்இன் இல்லாத பக்கத்தில் இருவழிப் பேச்சு, லோக்கல் ரெக்கார்டிங் போன்ற சில பட்டன்கள் மங்கலாக இருப்பதும் பழுதல்ல. பல மாடல்களில் அந்த வேலைகள் ப்ளக்இன் இருந்தால்தான் நடக்கும்.

---

ஆறாம்_சேனல்

சப் ஸ்ட்ரீம் விஷயம் தெளிவு. இதற்கு மாறாக எம்ஜேபெக் (ஒவ்வொரு ஃப்ரேமும் தனி ஜேபெக் படம்) வைத்தால் கோடெக் தொல்லையே இல்லை அல்லவா? எந்த பிரவுசரும் படமாகவே காட்டிவிடும்.

---

பென்குயின்_பாண்டி

உங்கள் பெயரிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. எச்டிடிபி 1.1ல் குரோமும் ஃபயர்பாக்ஸும் ஒரே முகவரிக்கு ஒரு நேரத்தில் 6 இணைப்புதான் திறக்கும். எம்ஜேபெக் ஒவ்வொரு சேனலும் ஒரு இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். 8 சேனல் பெட்டியில் ஆறு ஓடும், ஏழும் எட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். அதற்குமேல் அதே முகவரியில் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் அதுவும் தொங்கும். டிவிஆர் ஹேங் ஆகிவிட்டது என்று கரண்ட்டைப் பிடுங்குவார்கள், பாவம். தனித்தனி ஐபி உள்ள கேமராக்களுக்கு இந்த வரம்பு தொந்தரவில்லை. வெப்சாக்கெட்டுக்கும் வரம்பு வேறு, மிகப் பெரியது.

குக்கீயிலும் இதுபோல ஒரு வம்பு உண்டு. குக்கீ போர்ட்டைப் பார்ப்பதில்லை. ஒரே ஐபியில் 81, 82 என்று இரண்டு கேமரா வைத்து இரண்டையும் ஒரே பிரவுசரில் திறந்தால், ஒன்றில் லாகின் செய்ததும் மற்றது வெளியே தள்ளும். என்விஆரின் (ஐபி கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி) பின்பக்க பிஓஇ போர்ட்டில் (அதே கேபிளில் மின்சாரமும் தருவது) மாட்டிய கேமராக்களை என்விஆர் ஐபி வழியாகவே திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். ஒன்றை இன்காக்னிட்டோவில் திறங்கள், அல்லது ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரே ஐபிக்கு இரண்டு பெயர் கொடுங்கள்.

லினக்ஸ், மேக், டேப்லெட் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும் என்றால் டிவிஆரின் வெப் பக்கத்தோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு ஆர்டிஎஸ்பி (கேமரா வீடியோவை நேராக அனுப்பும் நெறிமுறை) எடுங்கள். 554ஆம் போர்ட். பிரவுசருக்கு ஆர்டிஎஸ்பி பேசத் தெரியாது, அதனால் நடுவில் ஒரு மொழிமாற்றி வேண்டும். கோ2ஆர்டிசி அல்லது மீடியாஎம்டிஎக்ஸ். இரண்டும் இலவசம், ஒற்றை ஃபைல். கோடெக்கை மாற்றாமல் பொட்டலத்தை மட்டும் மாற்றுவதால் ராஸ்பெர்ரி பையே தாங்கும். கோ2ஆர்டிசி 1984ஆம் போர்ட்டில் தன் பக்கத்தைத் திறக்கும். அதில் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுத்தால் வெப்ஆர்டிசி, எம்எஸ்இ என்று பிரவுசருக்குப் பிடித்த வடிவில் வரும்.

முகவரி அமைப்பு: ஹைக்விஷனில் கடைசி எண் 101 என்றால் முதல் சேனல் மெயின், 102 சப், 201 இரண்டாம் சேனல் மெயின். டாஹுவாவிலும் அதன் வழிவந்த பல மாடல்களிலும் சேனல் எண்ணும் சப்டைப்பும் தனித்தனி, சப்டைப் 0 மெயின், 1 சப்.

---

நூல்மில்_கணினி

கேட்டுக்கொண்டே இருந்ததில் ஆசை வந்து ஆர்டிஎஸ்பி முகவரியை விஎல்சி பிளேயரில் போட்டுப் பார்த்தேன். பாஸ்வேர்ட் தவறு என்கிறது. வெப்பில் அதே பாஸ்வேர்ட் ஏற்கிறது.

---

பென்குயின்_பாண்டி

பாஸ்வேர்டில் @ இருக்கிறதா? முகவரிக்குள் @ வந்தால் அதோடு பாஸ்வேர்ட் முடிந்துவிட்டது, இனி ஐபி என்று எடுத்துக்கொள்ளும். @ வரும் இடத்தில் %40, # வரும் இடத்தில் %23 என்று எழுதுங்கள். தவறான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப இணைக்க விடாதீர்கள், பல டிவிஆர்கள் அந்தக் கணினியின் ஐபியையோ அந்த யூசரையோ கொஞ்ச நேரம் பூட்டிவிடும். அப்போது சரியான பாஸ்வேர்டும் தவறாகத் தெரியும்.

அட்மின் கணக்கை இதற்குக் கொடுக்காதீர்கள். லைவ் பார்க்க மட்டும் உரிமையுள்ள யூசர் ஒன்றை உருவாக்கி, எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள்.

---

நூல்மில்_கணினி

@ தான். %40 போட்டதும் வந்துவிட்டது. கோ2ஆர்டிசியிலும் படம் வருகிறது, சத்தம் இல்லை.

---

பென்குயின்_பாண்டி

ஜி.711, ஏஏசி இரண்டும் ஆடியோ கோடெக். வெப்ஆர்டிசிக்கு ஜி.711 தெரியும், ஏஏசி தெரியாது. எம்எஸ்இக்கு நேர்மாறு. டிவிஆரில் ஆடியோ ஏஏசி என்றால் எம்எஸ்இ வடிவில் திறங்கள், இல்லையேல் ஆடியோவை ஜி.711க்கு மாற்றுங்கள். டேபைத் திறந்ததும் பிரவுசர் மியூட்டில்தான் தொடங்கும், ஸ்பீக்கர் சின்னத்தையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.

---

சந்துமுனை

எங்கள் சைட்டில் வேறு மாதிரி. டிவிஆர் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் திறக்கும்படி வைத்திருக்கிறது. குரோம் "சைஃபர் மிஸ்மேட்ச்" என்று நிற்கிறது. தொடர்ந்து செல் என்ற பட்டனும் இல்லை.

---

மதகு

அது சர்டிஃபிகேட் எச்சரிக்கை அல்ல, அதனால்தான் பட்டன் இல்லை. சுயமாகக் கையொப்பமிட்ட சர்டிஃபிகேட் என்றால் அட்வான்ஸ்டு போய்க் கடக்கலாம். இங்கே டிவிஆருக்கு டிஎல்எஸ் 1.0 (எச்டிடிபிஎஸ்ஸின் பழைய மறையாக்க முறை) மட்டும் தெரியும், குரோம் அதை இப்போது ஏற்பதே இல்லை. இரண்டுக்கும் பொது மொழியே இல்லை. மானிட்டரும் மவுஸும் மாட்டி, நெட்வொர்க் மெனுவில் எச்டிடிபிஎஸ்ஸை அணைத்து எச்டிடிபியில் திறங்கள். அது கம்பியில் பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பலாம் என்பதால் கேமராக்களைத் தனி விலானில் வையுங்கள். பிறகும் குரோம் பிடிவாதமாக எச்டிடிபிஎஸ்ஸுக்கே தாவினால் அந்த முகவரியின் சைட் டேட்டாவை அழித்து, எச்டிடிபியை முன்னால் சேர்த்து அடியுங்கள்.

---

சந்துமுனை

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் 80ஐயும் 37777ஐயும் ஃபார்வர்ட் செய்து வைத்திருக்கிறேன். அதையும் மாற்றவா?

---

தாமிரக்கம்பி

இன்றே மூடுங்கள். 2016ல் மிராய் என்ற தீம்பொருள் பரவியது இப்படித் திறந்துகிடந்த டிவிஆர்களிலும் கேமராக்களிலும்தான், பழைய டீஃபால்ட் பாஸ்வேர்டை வைத்தே. பாஸ்வேர்டை மாற்றினாலும் போதாது: 2017ல் ஹைக்விஷன் கேமராக்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகும் ஓட்டை வெளிவந்தது, 2021ல் ஹைக்விஷன், டாஹுவா இரண்டிலும் பெரிய ஓட்டைகள். அப்டேட் நின்றுபோன ஃபர்ம்வேரில் அவை அடைபடவே போவதில்லை. போர்ட்டை 80லிருந்து 8088க்கு மாற்றுவது பாதுகாப்பு இல்லை, ஸ்கேனர்களுக்கு எல்லாப் போர்ட்டும் ஒன்றுதான்.

ரவுட்டரில் வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான பாதை) இருந்தால் அதைப் போடுங்கள். பொது ஐபி கிடைக்காத இணைப்பு என்றால் டெயில்ஸ்கேல். அதன் வழியே உள்ளூர் ஐபியிலேயே டிவிஆர் திறக்கும், ஐஇ மோட் பட்டியலும் மாற வேண்டாம். ரவுட்டரில் யுபிஎன்பியையும் அணையுங்கள், பல டிவிஆர்கள் நீங்கள் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும்.

---

நூல்மில்_கணினி

கடைசியாக இரண்டு கேள்வி. ஐஇ மோட் பட்டியலில் என் பக்கத்துக்கு நேராக ஒரு காலாவதித் தேதி காட்டுகிறது, அது என்ன? ரெக்கார்டிங்கை இறக்கினால் டிஏவி ஃபைலாக வருகிறது, விண்டோஸ் பிளேயர் திறக்கவில்லை.

---

மதகு

கையால் சேர்த்த பக்கம் 30 நாளில் காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு கணினி என்றால் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், போதும். பல கணினி, விண்டோஸ் ப்ரோ என்றால் எட்ஜ் பாலிசி டெம்ப்ளேட்களை இறக்கி, குரூப் பாலிசியில் ஐஇ இன்டக்ரேஷனை ஐஇ மோட் என்று வைத்து, என்டர்பிரைஸ் சைட் லிஸ்ட்டுக்கு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலைக் காட்டுங்கள். எட்ஜிலேயே சைட் லிஸ்ட் மேனேஜர் இருக்கிறது, அதில் ஐபியைச் சேர்த்தால் ஃபைலை அதுவே எழுதித் தரும். அதில் சேர்த்தது காலாவதி ஆகாது, பக்கம் பக்கமாகச் சேர்க்கவும் வேண்டாம், ஐபி ஒன்று போதும். டிவிஆரின் ஐபி மாறாதபடி ஸ்டாடிக் ஆக்கிவிட்டுச் செய்யுங்கள்.

டிஏவியைப் பெரும்பாலும் விஎல்சி திறக்கும். திறக்காவிட்டால் கம்பெனி தரும் ஸ்மார்ட் பிளேயர். ஹைக்விஷன் பெட்டியிலிருந்து வரும் எம்பி4 பலவும் உள்ளே எம்பெக் பிஎஸ் என்பதால் விண்டோஸ் பிளேயர் அதற்கும் தடுமாறும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோக் கருவியில் காப்பி முறையில் பொட்டலத்தை மாற்றினால் தரம் குறையாது.

போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போகும் ஃபைல் என்றால் மாற்றாதீர்கள். டிவிஆர் தந்த மூலத்தை அப்படியே வைத்து, இறக்கியவுடன் ஷா-256 ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) எடுத்து எழுதி வையுங்கள். 2024 ஜூலையிலிருந்து நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்புக்கென்றே இடம் இருக்கிறது. டிவிஆர் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருந்தது என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள், இறக்குவதற்கு முன் கடிகாரத்தைத் திருத்தாமல்.